ஆப்பிளுக்குப் பதில் பேரிக்காய்

அந்தத் தெருவில் யார் வீட்டில் புதிதாக என்ன சமைத்தாலும் மறுநாள் அது முடிவெட்டும் கடைக்கு வந்து சேர்ந்துவிடும். பெண்களுக்கான கடை. இரண்டு நாற்காலி, தலை கழுவ ஒரு தொட்டி, பின்னால் டீ போட ஒரு சின்ன அறை, அவ்வளவுதான். கடைக்காரியை எல்லோரும் 'கத்திரி அக்கா' என்பார்கள். கையில் இருக்கும் கத்திரிக்கா வாய்க்கா அந்தப் பெயர் என்று யாரும் விசாரித்ததில்லை.

வெதுவெதுப்பான தண்ணீரில் தலையைக் கொடுத்துக் கண்ணை மூடிப் படுத்துவிட்டால் எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரியும் வாயைத் திறந்துவிடுவாள். மாமியாரில் ஆரம்பிக்கும் பேச்சு அரைமணி நேரத்தில் அடுப்பங்கரைக்கு வந்துவிடும். பூண்டை இரண்டு கிண்ணங்களுக்கு நடுவே வைத்துக் குலுக்கினால் தோல் தானாகக் கழன்றுவிடும். காய் நறுக்கும் பலகைக்கு அடியில் ஈரத்துணி போட்டால் பலகை நகராது. சாக்லேட் கேக் மாவில் ஒரு சிட்டிகை காப்பித்தூள் போட்டால் சாக்லேட் வாசனை தூக்கும். எல்லாவற்றையும் கத்திரி அக்கா "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொள்வாள். அடுத்த நாற்காலிக்குப் போனதும், "நேத்து வீட்டுல சும்மா ஒண்ணு பண்ணிப் பார்த்தேன்..." என்று ஆரம்பிப்பாள்.

ஆனால் அப்படியே சொல்லமாட்டாள். ஒரே ஒரு பொருளை மாற்றிவிடுவாள். திருட்டு சைக்கிளுக்குப் பெயிண்ட் அடிக்கிற மாதிரி. எலுமிச்சை இருந்தால் ஆரஞ்சு, பாதாம் இருந்தால் முந்திரி. மாற்றியது ருசிக்குமா என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை, ஏனென்றால் கத்திரி அக்கா கல்யாணமான நாளிலிருந்து அடுப்பங்கரைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அவள் வீட்டில் சமையல் எல்லாம் அவளுடைய வீட்டுக்காரர்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் மாஸ்டர்.

எட்டு மாதத்துக்கு முன்னால் எதிரே ஒரு புதுக் கடை வந்தது. கண்ணாடிக் கதவு, பட்டனைத் தட்டினால் உயரும் நாற்காலி, தானாகக் காப்பி கொட்டும் மிஷின். ஒரு வாரம் கத்திரி அக்கா வாசலில் நின்று அங்கே யார் யார் போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். ஆனால் அவளுடைய வாடிக்கைக்காரிகளில் ஒருத்திகூட அசையவில்லை. அவர்களைப் பிடித்து வைத்திருப்பது தன் கைமணம்தான், அதாவது இல்லாத கைமணம்தான் என்று அவள் முடிவுகட்டினாள். அது பொய் என்று தெரிந்த அன்றைக்கே ஆளாளுக்குத் தெருவைக் கடந்து போய்விடுவார்கள். அந்த பயம் மட்டும் அவளை விடவில்லை.

விதி ஒரு வியாழக்கிழமை வந்தது. முதல் நாற்காலியில் கணக்கு டீச்சர். இரண்டாவது நாற்காலியில் தலை நிறைய சாயத்தோடு தபால் ஆபீஸ் மேடம்.

"அக்கா, நீங்க சொன்ன பூசணி சூப் பிரமாதம். அந்தப் பேரிக்காய் போட்டது பாருங்க, அதுலதான் இருக்கு விஷயமே," என்றார் மேடம்.

கணக்கு டீச்சரின் கண்கள் கண்ணாடி வழியாக மெதுவாக மேலே வந்தன. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே கடையில், தொட்டியில் தலையைக் கொடுத்துக்கொண்டு, பூசணி சூப்பில் ஒரு ஆப்பிளை வதக்கிப் போடச் சொன்னவர் அவர்தான்.

"பேரிக்காயா? யாரு கண்டுபிடிச்சது அக்கா?"

"நானாத்தான் டீச்சர்," என்றாள் கத்திரி அக்கா. வார்த்தை வாயைவிட்டுப் போனபிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. கத்திரி தவறி, டீச்சரின் முடி ஒரு விரற்கடை கூடுதலாகவே போய்விட்டது.

டீச்சர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம். தேனொழுகச் சிரித்தார். "அப்போ வர்ற செவ்வாய்க்கிழமை கடை லீவுதானே? எங்களுக்கு ஒரு தடவை பண்ணிக் காட்டுங்களேன்."

"ஆமா அக்கா!" என்று மேடம் சாயத் தலையோடு துள்ளினார். "நான் எல்லாரையும் கூட்டிட்டு வரேன்."

"எங்க வீட்டுல பெயிண்ட் வேலை நடக்குதே..."

"வீடு எதுக்கு? பின்னாடி ரூம்ல அடுப்பு இருக்குல்ல? அதத் தூக்கி இங்க வச்சிடலாம்," என்றார் டீச்சர்.

கத்திரி அக்காவுக்கு விழி பிதுங்கியது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் கையை நிறுத்தாமல் கேட்டார். கடைசியில்தான் நிறுத்தினார்.

"அப்போ நான் பண்ற காளான் ஆம்லெட்டையும் உன்னுதுன்னு சொல்லியிருக்கியா?"

"அதுலயும் ஒண்ணு மாத்தித்தான் சொன்னேன்."

"என்னத்த மாத்தின?"

"சமைச்ச ஆள."

அவர் சிரித்த சிரிப்பில் கிழங்கு உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது. அவளுக்கு அழுகை வந்தது. "சிரிக்காதீங்க. எல்லாரும் எதிர்க்கடைக்குப் போயிடுவாங்க. பதினேழு வருஷமா நான் வெட்டின தலைங்க." அவள் நிஜமாகவே கலங்கியிருக்கிறாள் என்று தெரிந்ததும் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தார்.

"ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியாதவங்களைக்கூட நான் ரோட்டுல விட்டிருக்கேன். வா, உட்காரு. இது கத்தி."

மூன்று சாயங்காலம் பயிற்சி நடந்தது. கத்தி அவளுக்குப் படியவே இல்லை. முதல் நாளே இரண்டு விரலில் கட்டு. மறுநாள் அவர் கத்தியைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கத்திரி ஒன்று வாங்கிக் கொடுத்தார். வெங்காயத்தாளை ஒரு பிடி எடுத்து, சீப்பால் நேராக்கி, விரலிடுக்கில் பிடித்து அவள் கத்தரிக்க ஆரம்பித்ததும் அவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். மழைத்தூறல் மாதிரி, ஒரே அளவில், பாத்திரத்துக்குள் நேராக விழுந்தது.

அடுப்புத்தான் சிக்கல். தலைச் சாயம் பிடிக்க முப்பத்தைந்து நிமிடம் விட்டுவைத்தே பழகியவள், எதை வைத்தாலும் மறந்துவிட்டு வேறு வேலை பார்த்தாள். "ஸ்பீடைக் குறை, குறை!" என்று அவர் கத்துவார். கத்தும்போதே வலது கால் தரையை ஓங்கி மிதிக்கும். மாஸ்டர்களுக்கென்று காரில் தனியாக ஒரு பிரேக் உண்டு. பல வருஷமாக அதை மிதித்துப் பழகிய கால் அது.

"செவ்வாய்க்கிழமை நீங்களும் வரணும்," என்றாள். "ஆனா ஒரு மூலையில உட்காரணும். வாயத் திறக்கக் கூடாது. திறந்தீங்க, அப்புறம் யாரு சமைக்கிறதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடும்."

"திறக்க மாட்டேன்," என்று அவர் சத்தியம் செய்தார்.

செவ்வாய்க்கிழமை ஆறு பேர் வந்தார்கள். பழக்கதோஷத்தில் கத்திரி அக்கா ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிட்டாள். கட்டிய பிறகுதான் முடிவெட்டப்போவதில்லை என்று நினைவு வந்தது. "சூப் சிந்தும்ல," என்று சமாளித்தாள். வீட்டுக்காரர் சொன்ன சொல் தவறாமல் தொட்டி ஓரத்தில் போய் உட்கார்ந்தார்.

பூசணியையும் பேரிக்காயையும் வீட்டிலேயே நறுக்கி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். யார் நறுக்கியது என்று யாரும் கேட்கவில்லை. வெண்ணெய் உருகியதும் வெங்காயத்தாளைச் சீப்பால் வாரிக் கத்தரித்தாள். ஆறு பேரும் ஒரே நேரத்தில் "ஆ!" என்றார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பூசணியைக் கொட்டினாள், பேரிக்காயைக் கொட்டினாள், உப்புப் போட்டாள். எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது.

அப்போதுதான் தபால் ஆபீஸ் மேடத்தின் காதோரம் ஒரு கற்றை மட்டும் நீளமாகத் துருத்திக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. போன வியாழக்கிழமை பதற்றத்தில் விட்டது. அதைப் பார்த்தபிறகு எந்த முடிவெட்டுகிறவளால் சும்மா இருக்க முடியும்? "ஒரு நிமிஷம் மேடம், அசையாதீங்க," என்று சமையல் கத்திரியை வைத்துவிட்டுக் கடைக் கத்திரியை எடுத்தாள். ஒரு கற்றை சரியானதும் மறுபக்கம் கோணலாகத் தெரிந்தது. அதையும் சரி செய்தாள். பேச்சு மேடத்தின் மருமகள் பக்கம் போனது.

தொம்.

மூலையிலிருந்து ஒரு சத்தம். அவள் காதில் வாங்கவில்லை.

தொம். தொம்.

வீட்டுக்காரர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தரையை மிதித்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்கச் சொன்னால் இந்த மனுஷன் தாளம் போடுகிறாரே என்று அவள் முறைத்தாள். தொம் தொம் தொம் தொம்! அதற்குள் வாசனை வந்துவிட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தாள். பூசணி அடிபிடித்துப் பாத்திரத்தோடு பழுப்பாக ஒட்டிக்கிடந்தது. இன்னும் கரியாகவில்லை, அரை நிமிடத்தில் ஆகிவிடும். ஆறு ஜோடிக் கண்கள் அவள் முதுகில். கரண்டியால் சுரண்டினாள், அசையவில்லை. எது விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டாலும் பதினேழு வருஷமாக அவள் கை போகிற இடம் ஒன்றுதான். தொட்டியோரத்தில், முடியில் ஒட்டியதைக் கழுவி எடுக்கவும் பளபளப்பு ஏற்றவும் வைத்திருக்கும் ஆப்பிள் வினிகர் பாட்டில். மளிகைக்கடையில் வாங்கிய அசல் வினிகர்தான். எடுத்தாள், ஒரு சின்ன மூடி அளவு ஊற்றினாள்.

'சொய்ங்' என்று ஒரு சத்தம், கண்ணைக் கரிக்கும் ஆவி. அடியில் பிடித்ததெல்லாம் வெண்ணெய் மாதிரிக் கழன்று வந்தது. பழுப்போடு சேர்த்துக் கிளறி, தண்ணீர் விட்டு, கொதித்ததும் மசித்து, கையாலாகாத முகத்தோடு ஆறு கிண்ணங்களில் ஊற்றிக் கொடுத்தாள்.

ஆறு பேரும் குடிக்க ஆரம்பித்தார்கள். கரண்டிச் சத்தம் மட்டும். கணக்கு டீச்சர் கிண்ணத்தைக் கீழே வைத்து, "அக்கா, ஒரு உண்மையச் சொல்லுங்க," என்றார்.

அவ்வளவுதான், அவளால் தாங்க முடியவில்லை. "எனக்குச் சமைக்கவே தெரியாது டீச்சர்!" என்று உடைந்தாள். "அந்த ஆப்பிள் உங்களுது. நான்தான் பேரிக்காய்னு மாத்தினேன். எல்லாமே உங்ககிட்டக் கேட்டதுதான். ஆம்லெட் மட்டும் இவருது. போறவங்க எதிர்க்கடைக்குப் போங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

டீச்சரும் மேடமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆறு பேரும் கழுத்துத் துணி குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள்.

"உங்களுக்குச் சமைக்கத் தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றார் மேடம். "போன வருஷம் நானே பொய்யா ஒண்ணு கட்டிவிட்டேன், வாழைப்பழத் தோலை வெண்ணெயில வறுத்தா நல்லா இருக்கும்னு. நாலே நாள்ல எனக்கே திரும்பி வந்துச்சு, மாம்பழத் தோலா!"

"நீங்க எத மாத்துவீங்கன்னு நாங்க பந்தயம் கட்டுவோம்," என்றார் டீச்சர். கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் கட்டம் போட்டு, இடப்பக்கம் யாருடையது, வலப்பக்கம் என்னவாக மாறியது என்று அழகாக எழுதி வைத்திருந்தார்.

கத்திரி அக்காவுக்குக் கோபமும் வெட்கமும் ஒன்றாகப் பொங்கின. "தெரிஞ்சுமா இத்தனை நாளா இங்க வந்தீங்க?"

"எதிர்க்கடையில முடி நல்லாத்தான் வெட்டுவாங்களாம் அக்கா. ஆனா யாரும் வாயத் திறக்க மாட்டாங்களாம். அங்க போய் யாரு உட்கார்றது?" என்றார் மேடம்.

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வினிகர் ஆவி என்று சொல்லிக்கொண்டாள்.

"நான் கேட்க வந்ததே வேற," என்றார் டீச்சர். "இந்த சூப் நான் பண்றதவிட நல்லா இருக்கு. அடிபிடிக்க விட்டு வினிகர் ஊத்தினீங்களே, அது யாருகிட்டக் கேட்டது?"

கத்திரி அக்கா ஆறு முகங்களையும் பார்த்தாள். ஒருத்தியும் உரிமை கொண்டாடவில்லை. மூலையைப் பார்த்தாள். வீட்டுக்காரர் இன்னும் வாயைப் பொத்திக்கொண்டே 'நானில்லை' என்று தலையாட்டினார்.

"யாருகிட்டயும் இல்ல," என்றாள், அவளுக்கே நம்பிக்கை வராமல்.

டீச்சர் பேனாவை எடுத்து ஒரு புதுப் பக்கத்தில் எழுதினார்: 'கத்திரி அக்கா. சொந்தம்.'

இரண்டு வாரம் கழித்துத் தபால் ஆபீஸ் மேடம் வந்து உட்கார்ந்தார். துணியைக் கட்டும்போதே கத்திரி அக்காவுக்குப் பிடரியில் வேறொரு கை பட்டிருப்பது தெரிந்துவிட்டது. கண்ணாடியில் மேடத்தின் முகத்தைப் பார்த்தாள். மேடம் நெளிந்தார்.

"கோபப்படாதீங்க அக்கா. அவசரமா ஒரு விசேஷத்துக்குப் போக வேண்டியிருந்துச்சு, அன்னிக்குச் செவ்வாய்க்கிழமை வேற. எதிர்க்கடையில இப்ப நல்லாவே பேச ஆரம்பிச்சிருக்காங்க. அந்தப் பொண்ணு தானா கண்டுபிடிச்சதுன்னு ஒரு சூப் சொன்னா. பூசணிய வேணும்னே லேசா அடிபிடிக்க விடணுமாம், அப்புறம் எலுமிச்சம்பழத்தப் பிழியணுமாம்."

கத்திரி நின்றது.

"எலுமிச்சையா?" ரத்தம் சுர்ரென்று தலைக்கு ஏறியது. நேரே போய் அந்தக் கண்ணாடிக் கதவைத் தட்டி நாலு வார்த்தை கேட்கலாம் என்று இரண்டடி வைத்தாள். மூன்றாவது அடி வைக்கவில்லை. தனக்கு வந்திருப்பது கோபமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷம். வாழ்நாளில் முதன்முறையாக அவளிடம் திருடுவதற்கு ஒன்று இருந்திருக்கிறது!

மேடத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். யாருக்கோ ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க! என்னோடத ஒருத்தி திருடிட்டா!"

போனில் டயர் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பின்னாலேயே நாலைந்து ஹாரன். இந்தத் தடவை நிஜ பிரேக்.

"எத மாத்திட்டா?" என்று கேட்டார்.

"வினிகர!" என்றாள் கத்திரி அக்கா, தெருவுக்கே கேட்கிற மாதிரி.