நாத்தனார் கொடுத்த மோட்டார்

நாத்தனார் தானாக வந்து ஒன்றைக் கொடுத்தால் அதைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கக்கூடாது என்பது அவளுடைய பத்து வருட அனுபவம். அதுவும் ரிமோட் கார் போட்டிக்கு இரண்டே நாள் இருக்கும்போது, எதிரே ஓட்டப்போகிறவளே கொடுத்தால்?

"இந்த சென்சார் மோட்டாரைப் போடுங்க அண்ணி. உங்க வண்டி கிளம்புறதுக்குள்ள நான் ஒரு சுத்து முடிச்சிடுறேன். ஜெயிச்சு ஜெயிச்சு போரடிக்குது."

குத்தலா, அக்கறையா? பிரித்தறிய முடியவில்லை. ஆனாலும் ஆசை விடவில்லை. அவளுடைய பழைய மோட்டாருக்குச் சென்சார் கிடையாது. தூசிக்கும் தண்ணீருக்கும் அசராது. மெல்லக் கிளம்பச் சொன்னால் மட்டும் திக்கும். சென்சார் உள்ளதோ, உள்ளே சுழல்வது எந்த நிலையில் நிற்கிறது என்று ஒரு சின்னக் கேபிள் வழியே, வண்டிக்குள் மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வழுக்கிக்கொண்டு போகும் என்பார்கள்.

போட்டியன்று காலை, சாப்பாட்டு மேசையில் வைத்துக் கம்பிகளைப் பற்றவைத்துத் தரையில் விட்டாள். கார் உதறியது, முனகியது, நின்றது.

"பாத்தீங்களா உங்க தங்கச்சி வேலையை?"

"கெட்ட மோட்டாரைத் தேடிக் குடுக்குற அளவுக்கு அவளுக்கு மூளை இருந்திருந்தா எங்கப்பா சந்தோஷப்பட்டிருப்பாரு" என்றான் கணவன், பல் துலக்கிக்கொண்டே.

அவள் சிரிக்கவில்லை. சந்தேகம் பழகிய செருப்பைப்போல் காலுக்குப் பொருந்தியது. ஏமாந்துபோன வருத்தத்தைவிட, நினைத்தது சரியாகப் போன திருப்திதான் பெரிதாக இருந்தது. அந்தத் திருப்திதான் உறுத்தியது.

பழைய மோட்டாரையே மாட்டிவிடலாம் என்று கம்பிகளைக் கழற்றக் குனிந்தபோது பார்த்தாள். மோட்டாரின் மூன்று முனைகளிலும் ஏ, பி, சி என்று பொறித்திருந்தது. கன்ட்ரோலரிலும் அப்படியே. ஏ கம்பி சி-யில் இருந்தது. சி கம்பி ஏ-யில். முன்பு வண்டி பின்னால் ஓடியபோது அவளே மாற்றிப் போட்ட வரிசை அது. சென்சார் இல்லாததற்கு அது சரி. இதற்கு, எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். கை பழைய பழக்கத்திலேயே போட்டிருந்தது.

மாற்றிப் பற்றவைத்தாள். கார் பூனைபோல் நகர்ந்தது.

மைதானத்தில் நாத்தனார் வந்து அவளுடைய காரின் மேல் குனிந்தாள். "ஏபிசி பாத்துத்தானே போட்டீங்க? நான் முதல்ல மாத்திப் போட்டுட்டு, வித்தவனைக் கண்டபடி திட்டிட்டேன்."

"எனக்குத் தெரியாதா?"

மறுபடி பற்றவைத்த இரண்டு முனைகளில் மட்டும் ஈயம் மேடாகத் தடித்திருந்தது. நாத்தனாரின் பார்வை அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு தன் இடத்துக்குப் போனாள்.

தெரிந்திருந்தும் இவள் ஏன் கொடுத்த அன்றைக்கே சொல்லவில்லை?

கொடி இறங்கியது. இந்தமுறை கார் திக்கவில்லை. அவள் விரல்தான் ஒரு நொடி பின்தங்கியது.