தோளில் இருந்த கை

1

இந்தக் கதை இன்ஆம் என்ற கிழவியைப் பற்றியது அல்ல. நாற்பது வருடங்களுக்கு முன் கடத்தப்பட்ட அவருடைய கணவர் ஷௌகியைப் பற்றியதும் அல்ல. ஒரு படத்திலிருந்து நான் அழித்த கையிலிருந்து தொடங்கியது.

முதலில் இப்படி ஆரம்பித்திருந்தேன்: பெய்ரூட்டில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு

மழை பெய்யவில்லை.

2

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைச் சீராக்கி அச்சிடுவது என் தொழில். கீறலை நிரப்புவேன். தூசியை எடுப்பேன். தாளில் நிழல் இன்னும் கறுக்கும் என்பதால் திரையில் முகத்தைச் சற்று வெளுப்பாக விடுவேன். (அதிகம் துலக்கினால் முகம் மெழுகாகிவிடும். கதையும் அப்படித்தான் என்று எழுத வந்தேன். வேண்டாம்.)

லெபனான் உள்நாட்டுப் போரில் காணாமல்போனவர்களின் குடும்பத்தார் வருவார்கள், ஆர்ப்பாட்டத்தில் நெஞ்சோடு பிடித்து நிற்கப் பெரிய படம் கேட்டு. கொண்டுவருவது பெரும்பாலும் கல்யாணப் படம். ஒருவரை மட்டும் வெட்டியெடுப்போம். பக்கத்தில் நின்றவரின் கை தோளில் மிஞ்சும். அதை அழித்துச் சட்டைத்துணியால் நிரப்புவோம். எல்லாக் கடையிலும் இதுதான் வழக்கம். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

3

இன்ஆம் கொண்டுவந்தது பாதி எரிந்த படம். அதில் ஷௌகி எரியாமல் தப்பியிருந்தார், பக்கத்தில் நின்றவரில் கை மட்டும். வேறு பிரதி இல்லை.

மாதிரி அச்சைப் பார்த்தார். (இங்கே பிள்ளையின் பெயரால்தான் அழைப்போம்: நான் அபூ வாயில், வாயிலின் அப்பா; அவர் உம் ஷாதி, ஷாதியின் அம்மா.)

"கை எங்க, அபூ வாயில்?"

"எந்தக் கை?"

"என் புருஷன் தோள்ல இருந்தது."

"எல்லார் படத்துலயும் எடுக்கிறதுதான், உம் ஷாதி. பாக்க அசிங்கமா இருக்கும்."

"அசிங்கம்தான். அதான் வேணும். யாரு கூட்டிட்டுப் போனான்னு வாயால சொன்னா, கிழவிக்குப் புத்தி பிசகிடுச்சுங்கிறாங்க. இனி படம் சொல்லட்டும்."

"கைய வெச்சு ஆளைச் சொல்ல முடியுமா?"

"நடுவிரல் பாதி இல்லாத கை இந்தத் தெருவுல எத்தனை இருக்கு? எண்ணிச் சொல்லேன்."

4

இங்கே கதைசொல்லியை மாற்றிப் பார்த்தேன். வழக்கப்படி அழித்தான், தெரியாமல் நடந்த பிழை என்று. கதை சுத்தமாக வந்தது.

பொய். அது என் அண்ணன் ராமிஸின் கை. "அஞ்சே நிமிஷம், பேசிட்டு விட்டுருவாங்க" என்று ஷௌகியை வீட்டிலிருந்து அழைத்துப்போனவர். இன்று தெருவே எழுந்து நின்று வணக்கம் சொல்லும் மனிதர். இந்தக் கடை அவர் வைத்துக்கொடுத்தது.

மற்றவர்களின் கையை அழிக்கக் கால்மணி நேரம் போதும். இதற்கு இரண்டு நாள். ஒரு சுவடும் இல்லை. [நான் செய்ததிலேயே சிறந்த வேலை. இந்த வரியை வைத்துக்கொள்வதா, அடித்துவிடுவதா?]

5

முடிவுகள்.

(அ) கையைத் திரும்ப வைத்து அச்சிடுகிறேன். இதில் நான் நல்லவன். நம்பும்படி வரவில்லை.

(ஆ) கோப்பு அழிந்துவிட்டது என்கிறேன். இதைச் சற்று முன் சொல்லியும் பார்த்தேன்.

"அதனால என்ன? அசல் உன் மேசையிலதான கிடக்கு. திரும்ப எடு."

"நேரமாகும்."

"நேரத்தைப் பத்தி எனக்கே சொல்றியா?"

"வேற கடையில கூட..."

"உன் அண்ணன் கைன்னு தெரிஞ்சுதான் உன்கிட்ட கொண்டுவந்தேன். வேற கடைக்காரன் வழக்கம்னு அழிப்பான். நீ என்ன பண்றேன்னு பாக்கணும்."

அவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். நான் தட்டச்சு செய்வதை, வேலை நடக்கிறது என்று நினைக்கிறார்.

(இ) முடிவை உங்களிடம் விடுகிறேன். எதைச் சொன்னாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.