கிரீடம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது

புக்கிட் செலம்பாவ் கலை மன்றத்தில் திவாகரன்தான் ராஜா. நாடகம் எதுவானாலும் ராஜா அவன்தான். நாடகத்தில் ராஜா இல்லையென்றால் ஒருவரைச் சேர்த்துவிடுவார்கள். மீசை அப்படி, நடை அப்படி. பகலில் குருண் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போதுகூட, அவன் பெட்டி இறக்குவது யாருக்கோ நாட்டைத் தானம் கொடுப்பதுபோல் இருக்கும்.

குறை ஒன்றுதான். குரல். அந்த மீசைக்குக் கீழிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. கெத்தலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது வருமே ஒரு சத்தம், அதற்கு வசனம் எழுதிக் கொடுத்ததுபோல் இருக்கும். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது உறுத்தாது. கண் காதை அடக்கிவிடும்.

யோகேஸ்வரிக்குக் கண் தெரியாது. சிக்கல் அங்கேதான்.

அவள் அதே தொழிற்சாலையில் டெலிபோன் பகுதியில் இருந்தாள். தொழிற்சாலை பஸ்ஸில் அவளுக்கு இரண்டாவது வரிசை, அவனுக்கு மூன்றாவது. ஒரு வருடமாக அவளிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தான். கேட்பதற்கு முன் தன்னுடைய கம்பீரம் அவளுக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பது அவன் திட்டம். "நான் மேடையில ஏறுனா ஆறடி" என்று சொல்லியும் வைத்திருந்தான். இறங்கினால் ஐந்தடி ஐந்து என்பதைச் சொல்ல அவசியம் வரவில்லை.

இந்த நேரத்தில்தான் மானியம் வந்தது.

மாற்றுத்திறனாளிகளும் கலை நிகழ்ச்சிகளுக்கு வந்து அனுபவிக்க வழி செய்யும் சிறிய மன்றங்களுக்குச் சிறிய தொகை தருவதாக ஓர் அறக்கட்டளை அறிவித்திருந்தது. மன்றச் செயலாளர் ஸ்டெஃபனி, பள்ளி ஆசிரியை, கூட்டத்தில் அதைப் படித்தார். படித்து முடிப்பதற்குள் திவாகரன் கை தூக்கினான். உடை விஷயம் தவிர வேறெதற்கும் அவன் கை தூக்கி யாரும் பார்த்ததில்லை.

"கண்டிப்பா செய்யணும்கா. கண்ணு தெரியாதவங்களும் பாக்கணும்."

"எதை?"

"நாடகத்தைத்தான்கா."

தலைவர் பரஞ்சோதி அந்தப் பணத்தில் முன்வரிசைக்கு ஒரு சோபா வாங்கலாம் என்றார். "ஓகேயு ஆளுங்களுக்கு, மாற்றுத்திறனாளிங்களுக்குத்தான்லா. அவங்க வரலன்னா நான் உக்காந்துக்கறேன்." பொருளாளருக்குப் புகை இயந்திரத்தின் மேல் ஆசை. புகைக்கும் பார்வையற்றவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று ஸ்டெஃபனி கேட்டதற்கு, "இருமல் வரும்ல? ராஜா வர்றாருன்னு தெரிஞ்சிக்குவாங்க" என்றார்.

கடைசியில் சக்கர நாற்காலி ஏறுவதற்குத் தேவான் மண்டப வாசலில் ஒரு சாய்தளம் போட்டார்கள். காதில் மாட்டிக்கொள்ளும் சின்ன ரேடியோ பன்னிரண்டு வாங்கினார்கள். மேடைக்கு ஓரமாகப் பலகை அடித்து ஒரு கூண்டு செய்தார்கள். வர்ணனையாளர் அதற்குள் உட்கார்ந்து, மேடையில் நடப்பதை மைக்கில் சொல்வார். ரேடியோ மாட்டியவர்களுக்கு மட்டும் கேட்கும். எப்படிச் சொல்வது என்று கற்றுக்கொடுக்கப் பினாங்கிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். நாள் முழுக்க அவர் சொன்னதன் சாரம் ஒன்றுதான்: பார்த்ததைச் சொல், நினைத்ததைச் சொல்லாதே.

வர்ணனையாளருக்கு உதவியாக இருக்கட்டும் என்று திவாகரன் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். 'இதோ வருகிறார், ஆறடி உயர அரிமா' என்று அது தொடங்கியது.

ஸ்டெஃபனி புரட்டிப் பார்த்தார். "இதுல நாடகம் எங்கடா இருக்கு? பூரா நீதான் இருக்க."

"ராஜா நாடகம்லா அக்கா."

"ராணி செத்துப் போறாளே, அது எங்க?"

"அந்த இடத்துல என் முகத்தைப் பத்தி எழுதியிருக்கேன் பாருங்க."

நாலு பக்கமும் அவனிடமே திரும்பி வந்தன. வர்ணனையாளராக மோரிஸ் வந்தான்.

மோரிஸுக்குச் சுங்கை பட்டாணி சூப்பர்மார்க்கெட் ஒன்றில் அறிவிப்பாளர் வேலை. 'கெம்போங் மீன், இன்று மட்டும்' என்று அவன் சொன்னால், துணி சோப்பு வாங்க வந்தவர்கள் மீனோடு வீட்டுக்குப் போவார்கள். அடியிலிருந்து வரும் குரல். முன்பு ஒருமுறை ராஜா வேடத்துக்கு அவனும் போட்டியிட்டான். ஒட்டு மீசை வைத்தால் அரிக்கிறது என்று சொன்னதால் தோற்றான். அந்த வெற்றியைத் திவாகரன் இன்னும் பத்திரமாக வைத்திருந்தான்.

ஒத்திகைக்கு யோகேஸ்வரியை அழைத்திருந்தார்கள், வர்ணனை சரியாக இருக்கிறதா என்று கேட்டுச் சொல்ல. ராணி இறக்கும் காட்சி. திவாகரன் மண்டியிட்டு, மார்பில் அறைந்து, தன் வாழ்நாளின் சிறந்த அழுகையை அழுதான். மூன்றாவது வரிசையிலிருந்து யோகேஸ்வரி கலகலவென்று சிரித்தாள்.

ஒத்திகை முடிந்ததும் கூண்டுக்குள் தலையை விட்டான். "என்னடா சொன்ன அவகிட்ட?"

"ராஜா அழுகிறார்னு சொன்னேன்."

"அதுக்குச் சிரிச்சாளா?"

"ஒரு கண்ணைத் திறந்து, யார் யார் பாக்கறாங்கன்னு பாக்கறார்னும் சொன்னேன். பாத்தீல்ல?"

மறுநாள் பஸ்ஸில் யோகேஸ்வரி அவன் பக்கம் திரும்பி, "மோரிஸ் அண்ணே சொல்றப்ப எல்லாம் அப்படியே தெரியுது. கிரீடம் உங்களுக்குக் கொஞ்சம் பெருசாமே?" என்றாள். திவாகரன் அன்று இறக்கி வைத்த பெட்டிகளில் தானம் எதுவும் தெரியவில்லை. யார் தலையிலோ போட்டதுபோல் போட்டான்.

அதற்குப் பிறகு அவனுக்குப் பொறாமை முழுநேர வேலையானது. கோழி வாங்க சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனான். மேலே ஸ்பீக்கரில் 'கோழித் தொடை மலிவு' என்று அந்தக் குரல் வந்தது. கூடையை வைத்துவிட்டு வெளியேறி, பாசாரில் கூடுதல் விலைக்கு வாங்கினான். குளியலறையில் அடித்தொண்டையில் 'கோழித் தொடை' என்று சொல்லிப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரர் உடம்புக்கு என்ன என்று கேட்டார். ஒரு வருடமாக யோகேஸ்வரிக்காகத் தான் சேர்த்து வைத்த ராஜாவை, இன்னொருத்தன் வாயால் பிய்த்துப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருக்கிறான். என்னவெல்லாம் ஊட்டுகிறானோ. அது தெரியாமல் மேடையேற முடியாது என்று ஆகிவிட்டது.

ஆகவே புக்கிட் செலம்பாவ் தேவானில் நாடகம் நடந்த சனிக்கிழமை, பன்னிரண்டு ரேடியோக்களில் ஒன்றை எடுத்து இடுப்பில் செருகி, வயரைச் சட்டைக்குள் விட்டு, கிரீடத்தால் காதை மூடிக்கொண்டு திவாகரன் மேடையேறினான்.

சுங்கை பட்டாணியிலிருந்து வேனில் வந்த பார்வையற்றவர்கள் எட்டுப் பேர் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள், அவர்களில் ஒருத்தியாக நடுவில் யோகேஸ்வரி, அவளுக்குப் பக்கத்தில் அக்கா வாசுகி. திரை விலகியது.

"ராஜா வருகிறார்" என்றது காதுக்குள் அந்தக் குரல். "கிரீடம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது."

திவாகரன் கிரீடத்தைச் சரி செய்தான்.

"சரி செய்துவிட்டார். இப்போது அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது."

மூன்றாவது வரிசை சிரித்தது. அவன் வயிற்றை எக்கினான். "ராஜா மூச்சை உள்ளே இழுக்கிறார்." விடவும் முடியாமல் அப்படியே நின்றான். "இன்னும் விடவில்லை." சிரிப்பு. "மந்திரி பேசுகிறார். ராஜா இன்னும் விடவில்லை." வசனம் வந்த இடத்தில் விட்டான், கெத்தல் சத்தம் சற்று அதிகமாகவே கேட்டது. கண் தெரிந்தவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் திரும்பிப் பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் மீதி மூன்று ரேடியோக்களுக்கும் அடிதடி. ஒன்று பரஞ்சோதி காதில் இருந்தது.

திவாகரனுக்கு உள்ளே எரிந்தது. கைதட்டல் தனக்கா மோரிஸுக்கா என்று தெரியாத நிலை ஒரு ராஜாவுக்கு வரக்கூடாது. மந்திரியைப் பார்த்துப் பேச வேண்டிய வசனத்தைக் கூண்டைப் பார்த்துப் பேசினான். 'துரோகி' என்ற சொல் அன்று அவன் வாயில் உண்மையிலேயே நன்றாக வந்தது.

கடைசிக் காட்சி, அரசவை. சிம்மாசனத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். நாடகம் தொடங்குவதற்கு முன் பரஞ்சோதி அதில் உட்கார்ந்து, மானியப் பதாகையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்த பிறகு சிம்மாசனம் முன்புபோல் இல்லை. முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓரத்துக் கூண்டிலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

"ராஜா சிம்மாசனத்தை நோக்கி நடக்கிறார்" என்றான் மோரிஸ். பிறகு ஒரு கணம் நிறுத்தினான். "சிம்மாசனத்தின் பின்கால் உடைந்திருக்கிறது."

திவாகரன் மனதுக்குள் சிரித்தான். கிரீடம் முடிந்தது, வயிறு முடிந்தது, இப்போது நாற்காலி.

"ராஜாவின் காதில் கறுப்பாக ஒரு வயர் தெரிகிறது" என்றது குரல், இப்போது அவசரமாக. "டேய் திவா, கேக்குதுல்ல? உக்காராதடா!"

"உக்காராதீங்க!" மூன்றாவது வரிசையில் எட்டுப் பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். "ராஜா, உக்காராதீங்க!" அதில் யோகேஸ்வரியின் குரல்தான் உயரமாக இருந்தது. தேவானில் ரேடியோ கிடைக்காத, கண் தெரிந்த இருநூறு பேரும் ஒன்றும் புரியாமல் மேடையைப் பார்த்தார்கள்.

அவள்கூட அவன் பேச்சைத்தான் நம்புகிறாள். அந்த ஒரு நினைப்பு போதுமாயிருந்தது. திவாகரன் மீசையை நீவி, மூன்றாவது வரிசையைப் பார்த்துக்கொண்டே, முழு அதிகாரத்தோடு உட்கார்ந்தான்.

கால்கள்தான் மேலே தெரிந்தன. கிரீடம் உருண்டு போய் மந்திரியின் பக்கத்தில் நின்றது.

மேடைக்குப் பின்னால், வீங்கிய கணுக்காலைப் பனிக்கட்டிப் பையில் வைத்து உட்கார்ந்திருந்தபோது, வாசுகியின் தோளைப் பிடித்துக்கொண்டு யோகேஸ்வரி வந்தாள்.

"நாங்க அத்தனை பேரும் கத்துனோமே. ஏன் உக்காந்தீங்க?"

"கேக்கல."

"காதுல மாட்டியிருந்தும் கேக்கலயா?"

அவன் பனிக்கட்டிப் பையை இடம் மாற்றினான். "அவன் பொய் சொல்றான்னு நினைச்சேன்."

"மோரிஸ் அண்ணே இதுவரைக்கும் ஒரு பொய்கூட சொல்லல. நீங்கதான் ஆறடின்னீங்க. அக்காகிட்ட கேட்டேன்."

"அஞ்சே கால்" என்றாள் வாசுகி, உதவியாக.

"அஞ்சடி அஞ்சு" என்றான் திவாகரன்.

"எதுக்கு அதை மாட்டுனீங்க?"

"என்னைப் பத்தி உனக்கு என்ன சொல்றான்னு தெரிய வேணாமா?"

"என்கிட்டயே கேட்டிருக்கலாம்லா." அவள் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "பஸ்ல ஒரு வருஷமா தொண்டையக் கனைக்கிறீங்க. கேக்க வேண்டியத அடுத்த வாரம் சிடாம் கிரியில நாடகம் முடிஞ்சதும் கேளுங்க. நீங்க உள்ளதச் சொல்ற ஆளான்னு அதுக்குள்ள நான் பாத்துக்கறேன்."

"எப்படிப் பாப்ப?"

பதிலை ஸ்டெஃபனி வைத்திருந்தார். அடுத்த சனிக்கிழமை சிடாம் கிரியில் அதே நாடகம், இரண்டாவது முறை. வர்ணனை இல்லாமல் நடத்தக்கூடாது என்பது மானியத்தின் நிபந்தனை. இந்தக் காலோடு திவாகரனால் நடக்க முடியாது. ராஜாவின் ஒவ்வொரு அசைவும் தெரிந்தவன் மன்றத்தில் இன்னொருத்தன்தான் இருக்கிறான்.

"அப்ப கூண்டுல யாருக்கா?"

"உக்காந்துகிட்டு பேச உனக்கு வரும்ல? உக்காரத்தான் அவ்வளவு ஆசைப்பட்டியே."

சிடாம் கிரியில், கட்டுப் போட்ட காலை ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் மேல் நீட்டி, மைக்கின் முன் திவாகரன் இருந்தான். வாரம் முழுக்கத் தயாரித்திருந்தான். மோரிஸின் தொப்பைக்கு ஒன்று, நடைக்கு இரண்டு, ஒட்டு மீசையைச் சொறியப் போகும் தருணத்துக்கு மட்டும் நாலு வாக்கியம். மூன்றாவது வரிசையில் யோகேஸ்வரி ரேடியோவைக் காதில் அழுத்தினாள். பக்கத்தில் வாசுகி, சாட்சிக்கு வந்தவள்போல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரை விலகியது. மோரிஸ் வந்தான்.

"ராஜா வருகிறார்" என்றான் திவாகரன். குரல் வழக்கத்தைவிடக் கீச்சென்று வந்தது.

மோரிஸ் நடந்தான். நன்றாகவே நடந்தான். மீசையைச் சொறிவான் என்று திவாகரன் காத்திருந்தான். சொறியவில்லை. வேட்டி தடுக்கும் என்று பார்த்தான். தடுக்கவில்லை. அவன் பேசாமல் இருந்த அந்த நேரத்தில் மூன்றாவது வரிசைக்கு மேடையில் ஒன்றுமே இல்லை. யோகேஸ்வரி தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். கிரீடம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தான். எவ்வளவு சிறிய பொய். கூர்ந்து பார்த்தான். இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான்.

"கிரீடம்" என்றான். எச்சில் விழுங்குவதும் மைக்கில் கேட்டது. "நேராக இருக்கிறது."

ராஜா சிரிக்கும்படி எதுவும் செய்யவில்லை. ஆனாலும் மூன்றாவது வரிசையிலிருந்து யோகேஸ்வரி கலகலவென்று சிரித்தாள்.

திவாகரன் மைக்கை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

"இன்னும் நேராகத்தான் இருக்கிறது" என்றான்.