கோட்டைச்சாமி வாங்கிய வாக்குகள்

சாத்தங்குறிச்சி தொகுதியில் வாக்களிப்பது என்றால் சொல்லைக் கொடுப்பதுதான். ஓட்டுச்சாவடியில் வேட்பாளருக்கு ஒன்றாகப் பித்தளைக் குடங்கள் வரிசையாக இருக்கும். வாக்காளர் திரைக்குப் பின்னால் போய், தனக்குப் பிடித்தவரின் குடத்தில் வாயை வைத்து, தன்னிடமிருக்கும் சொற்களில் ஒன்றைச் சொல்லிவிட்டு வர வேண்டும். அதற்குப் பிறகு அந்தச் சொல் அவர் வாயில் வராது. தோற்றவர்களின் குடங்களை மறுநாளே கவிழ்த்துச் சொற்களை உரியவர்களிடம் அனுப்பிவிடுவார்கள். வென்றவர் தன் குடத்தில் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டுச் சென்னைக்குப் போவார். ஐந்து வருடம் கழித்துச் சபை கலையும்போது சொற்கள் திரும்பிவிடும். அதுவரை அவற்றை வைத்து மக்களுக்காக அவர் பேச வேண்டும் என்பது ஏற்பாடு.

கோட்டைச்சாமி முதல்முறை போட்டியிட்டபோது ஆட்டுச் சந்தையில் தரகராக இருந்தார். துண்டுக்கடியில் விரலைத் தொட்டு விலை பேசும் தொழில். வாயைத் திறக்காமலே வாங்குபவரையும் விற்பவரையும் திருப்திப்படுத்தத் தெரிந்த மனிதர் என்று ஊரில் பெயர். இப்படிப்பட்டவரிடம் சொல்லைக் கொடுத்தால் பத்திரமாக இருக்கும் என்று மக்கள் நினைத்தார்கள். அந்தத் தேர்தலில் அவர்கள் தாராளமாகவும் இருந்தார்கள். தங்களிடம் இருந்ததிலேயே கனமான சொற்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நியாயம் என்று கொடுத்தவர்கள் உண்டு. பள்ளிக்கூடம் என்று கொடுத்தவர்கள் உண்டு. கரட்டுமலை அடிவாரத்து ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் பேசிவைத்துத் தண்ணீர் என்பதைக் கொடுத்தார்கள்.

கோட்டைச்சாமி உண்மையிலேயே பேசத்தான் போனார். முதல் கூட்டத்தொடரில் எழுந்து நின்று, 'தண்ணீர்' என்று தொடங்கினார். அன்று காலையில்தான் மாநிலத்தில் எங்கும் தட்டுப்பாடு இல்லை என்று அமைச்சர் அறிவித்திருந்தார். ஆகவே அந்தச் சொல் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுவதாகச் சபாநாயகர் சொன்னார். அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட சொல் எங்கேயும் திரும்பிப் போவதில்லை. அடிவாரத்து ஊர்களில் அன்றிலிருந்து செம்பைக் காட்டித்தான் கேட்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த ஊர்களிலிருந்து தண்ணீர் இல்லை என்று ஒரு மனுகூட வராததால், குறையே இல்லாத பகுதி என்று மாவட்ட நிர்வாகம் பாராட்டுப் பலகை நட்டது.

கோட்டைச்சாமிக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு பலகைத் திறப்பு விழாவுக்குப் போய்வந்தார். பேசினால்தான் சொல் தொலையும், பேசாமல் இருந்தால் பத்திரமாக இருக்கும் என்று அவருக்குப் புரிந்தது. மீதி நாலரை வருடம் அவர் மேசையை மட்டும் தட்டினார்.

இரண்டாவது தேர்தலில் அருளானந்து என்பவர் எதிர்த்து நின்றார். தீப்பெட்டி ஆலை வைத்திருந்தவர், யோசனைக்காரர். சொல் இழந்தவர்களுக்கெல்லாம் இலவசமாக வேறு சொல் தருவதாக வாக்குறுதி கொடுத்தார். அடிவாரத்தில் வீடு வீடாகப் போய் 'வாட்டர்' என்ற சொல்லை வழங்கினார். கிழவர்கள் அதை வாயில் போட்டுக் குதப்பிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, ஓடுகிறது என்றார்கள். அருளானந்து வென்றார்.

தோற்ற செய்தியோடு கோட்டைச்சாமி வீட்டுக்கு வந்தபோது அவர் மனைவி பேச்சியம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போதும் அவர் செருப்பைக் கழற்றும் முன்பே 'வாங்க' என்பாள். அன்று வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. தலையை அசைத்துவிட்டு உள்ளே போனாள். மறுநாளும் அப்படித்தான். வீட்டுக்கு வந்த சம்பந்தியையும் தலையசைத்தே வரவேற்றாள். அவள் தன் 'வாங்க'வை அருளானந்துக்குக் கொடுத்துவிட்டாள் என்பது கோட்டைச்சாமிக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கும் அது தெரிந்தது. ஐந்து வருடம் அதைப்பற்றி இருவரும் பேசவில்லை. அவர் வெளியிலிருந்து திரும்பும்போது தெருமுனையிலேயே கொஞ்சம் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்குத்தானே 'வாங்க' என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் போவார்.

மூன்றாவது தேர்தலுக்கு முன்னால் அவர் அருளானந்து இருந்த கட்சிக்குப் போனார். அருளானந்து இவர் இருந்த கட்சிக்கு வந்தார். வழியில் பார்த்துக்கொண்டபோது சௌக்கியம் விசாரித்துக்கொண்டார்கள்.

இந்தமுறை கோட்டைச்சாமியிடம் ஒரு திட்டம் இருந்தது. பெரிய சொற்களைக் கேட்டால்தான் மக்களுக்குச் சிரமம் என்று அவர் கூட்டங்களில் சொன்னார். உழைத்துச் சேர்த்த சொல்லை எனக்காக இழக்காதீர்கள், இரண்டே எழுத்தில் ஒன்று இருக்கிறது, தினப்படி வாழ்க்கைக்கு அது பெரிதாகத் தேவைப்படாது, அதைக் கொடுங்கள் போதும் என்றார். அவர் கேட்டது 'ஏன்' என்ற சொல். இவ்வளவுதானா என்று மக்கள் வரிசையில் நின்று கொடுத்தார்கள். குடம் நிரம்பி வழிந்து, பக்கத்துப் பள்ளியில் சத்துணவு அண்டாவை வாங்கிவந்து வைத்தார்கள்.

அது நிம்மதியான ஐந்து வருடம். சாலை போட்ட மறுமாதம் தோண்டினார்கள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சிலர் 'எதற்கு' என்று கேட்டுப் பார்த்தார்கள். எதற்கு என்று கேட்டால் 'உங்கள் நன்மைக்கு' என்ற பதிலை அதிகாரிகள் தயாராக வைத்திருந்தார்கள். அந்த வருடங்களில் கோட்டைச்சாமி மாடி கட்டினார், மாடிமேல் இன்னொரு மாடி கட்டினார். ஒரு நாள் பேச்சியம்மாள் சோறு பரிமாறிக்கொண்டே, "ரெண்டு பேருக்கு ஏன் இத்தனை மாடி?" என்று கேட்டாள். கோட்டைச்சாமியின் கை இலையிலேயே நின்றது. மாடியைப் பற்றிய கவலை அல்ல. அவள் இந்தமுறையும் தனக்குக் கொடுக்கவில்லை என்பதுதான்.

நாலாவது முறை அவர் 'வேண்டாம்' என்ற சொல்லைக் கேட்டார். நல்ல வீட்டில் புழங்காத சொல், அது இல்லாத தொகுதிக்குத்தான் எல்லாம் வந்து சேரும் என்று பேசினார். முன்னெப்போதும் இல்லாத வித்தியாசத்தில் ஜெயித்தார்.

ஆனால் அத்தனை 'வேண்டாம்'களையும் ஒரே தொண்டையில் வைத்திருப்பது எளிதாக இல்லை. உதவியாளர் மாசானம் டீ நீட்டினால் கோட்டைச்சாமியின் வாய் வேண்டாம் என்றது. பந்தியில் கறி வைக்க வந்தால் வேண்டாம் என்றது. அவர் இளைத்தார். கட்சியில் இணையமைச்சர் பதவி தருவதாகக் கூப்பிட்டுக் கேட்டபோதும் அப்படியே ஆனது. தன்னலமற்றவர் என்று தலைவர் மேடையில் புகழ்ந்தார், பதவி வேறொருவருக்குப் போயிற்று. அன்று கோட்டைச்சாமி விடுதி அறையில் உட்கார்ந்து அழுதார். கரட்டுமலையில் கல்குவாரி போட வந்த நிறுவனத்தார் ஒரு புதுக் காரின் சாவியை நீட்டியபோதும் வாய் வேண்டாம் என்றது. கை வாங்கிக்கொண்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

குவாரிக்காகக் கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டார்கள். மலையடிவாரத்தில் பந்தல், நாற்காலிகள், மோர். ஆட்சேபம் உள்ளவர்கள் 'வேண்டாம்' என்ற சொல்லால் மட்டுமே அதைத் தெரிவிக்க வேண்டும், 'கூடாது', 'விடமாட்டோம்' போன்றவை ஆலோசனைகளாகக் கருதப்படும் என்று அறிவிப்பில் இருந்தது. ஊரே வந்திருந்தது. அதிகாரி மூன்று முறை கேட்டார். ஜனங்கள் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். ஒரு கிழவி மண்ணை அள்ளித் தூற்றினாள். அது ஆலோசனையாகக் குறித்துக்கொள்ளப்பட்டது.

பேச்சியம்மாளும் வந்திருந்தாள். அடிவாரம் அவள் பிறந்த ஊர். அவளிடம் 'வேண்டாம்' இருந்தது. எழுந்து நின்று சொல்லவும் சொன்னாள். ஓர் ஆட்சேபம் என்று எழுதிக்கொண்டு, திட்டத்தை வரவேற்றுப் பேச உறுப்பினரை அழைத்தார்கள்.

கோட்டைச்சாமி ஒலிபெருக்கி முன்னால் வந்தார். இந்தக் குவாரி நமக்கு வேண்டும் என்று சொல்வதாகத்தான் இருந்தது. 'வேண்' வரைக்கும் சரியாக வந்தது. அதற்குப் பிறகு வந்தது அவர் குரலே இல்லை, வெற்றிலைக்கடை ராசாத்தியின் குரல். "வேண்டாம்." பந்தலின் கடைசியிலிருந்து ராசாத்தி நிமிர்ந்து பார்த்து, "அது என்னுது" என்றாள். அடுத்தது லாரி ஓட்டும் சேவுகனின் குரல். அதற்கடுத்தது ஒரு கல்லூரிப் பெண்ணுடையது. கோட்டைச்சாமி வாயைப் பொத்திப் பார்த்தார், விரலிடுக்கு வழியாக வந்தது. மாசானம் துண்டைக் கொடுத்தான். துண்டைத் துளைத்துக்கொண்டு வந்தது. எழுதுகிறவர் ஒவ்வோர் ஆட்சேபமாக எழுதினார். மோர் தீர்ந்து, வெயில் சாய்ந்து, விளக்குப் போட்ட பிறகும் வந்துகொண்டிருந்தது. ஜனங்கள் கல்யாண வீட்டில் தாம்பூலப் பைக்கு நிற்பதைப் போல நின்று, தன்னுடையது வந்ததும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கடைசியாக வந்தது இறந்துபோன ஒரு பெரியவரின் குரல். அது எங்கே போவதென்று தெரியாமல் ஒலிபெருக்கியைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மகன் வந்து அழைத்துப் போனான்.

எல்லாம் போன பிறகு கோட்டைச்சாமி மேடையிலேயே உட்கார்ந்தார். நெஞ்சு காலிக் குடம் போல இருந்தது. மாசானம் டீ கொண்டுவந்து நீட்டினான், வாங்கிக் குடித்தார். இன்னொன்று கேட்டார்.

குவாரிக்காரர்கள் காரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு மாவட்டத்துக்குப் போனார்கள். கட்சி அவரை நீக்கியது. ஊருக்குத்தான் அவரை என்ன செய்வதென்று தெரியவில்லை. சிலர் மாலை போட்டார்கள், சிலர் முகத்துக்கு நேரே, இப்போது தங்களிடம் திரும்பியிருந்த சொல்லைச் சொன்னார்கள். பேச்சியம்மாளிடம் அவர், தான் வேண்டுமென்றே செய்யவில்லை என்றார். அவள் மீன் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு, "எனக்குத் தெரியும்" என்றாள். "செஞ்சது செஞ்சதுதானே. சாப்பிடுங்க."

காலம் முடியுமுன்பே சொற்கள் வெளியேறிவிட்டது சட்டச் சிக்கலாயிற்று. சொல் நம்பத்தக்க பொருள் அல்ல என்று மேலிடத்தில் முடிவெடுத்து, அடுத்த தேர்தலிலிருந்து வாக்காளர்கள் ஒரு திசையைக் கொடுத்தால் போதும் என்று அறிவித்தார்கள். எட்டுத் திசையோடு மேலும் கீழும் சேர்த்து எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

கோட்டைச்சாமி சுயேச்சையாக நின்றார். இனி நிற்க மாட்டார் என்று நினைத்தவர்களுக்கு அவரைத் தெரியாது. மக்கள் யோசித்துப் பார்த்து வடக்கைக் கொடுத்தார்கள். தலைநகரம் அந்தப் பக்கம்தான் இருந்தது, அங்கே அவர்களுக்கு வேலை ஒன்றும் இல்லை. அருளானந்துக்கு மேற்கில் கொஞ்சம் விழுந்தது, ஆனால் டெபாசிட் போய்விட்டது. கோட்டைச்சாமி தொகுதியின் வடக்கு முழுவதையும் எடுத்துக்கொண்டு ரயிலேறினார். வடக்குத் தெருவில் இருந்தவர்கள் கிழக்குத் தெருவில் நெருக்கியடித்துக் குடியேறினார்கள்.

பொங்கலுக்கு அவர் வீட்டுக்கு வந்தார். அடுப்படியில் எண்ணெய்த் தூக்கு, அரிசி களைந்த பாத்திரம், அரிவாள்மணை எல்லாம் இடுப்பு உயரத்தில் காற்றில் நின்றுகொண்டிருந்தன. பேச்சியம்மாள் கையிலிருந்த சொம்பை விட்டாள், அது விட்ட இடத்திலேயே நின்றது. அவர் கேட்காமலே அவள் சொன்னாள்.

"இந்தத் தடவை உங்களுக்குத்தான் போட்டேன். கீழேயைக் கொடுத்துட்டேன். முட்டிவலிக்குக் குனிய முடியல."

பிறகு அவருக்கு இலை போட்டாள். இலை அவர் நெஞ்சுக்கு நேராக நின்றது. பொங்கலை வைத்து, நெய்யைச் சாய்த்தாள். நெய் கரண்டியிலிருந்து இறங்காமல் தயங்கியது. அவள் விரலால் அதைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டாள். கோட்டைச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார்.