இழுவைத் தடத்தில் பார்த்தீனியம்

எங்கள் காட்டில் எல்லா மரத்தையும் வெட்டுவதில்லை. முதிர்ந்ததாகப் பார்த்து அங்கொன்றும் இங்கொன்றுமாக வெட்டி, டிராக்டரில் கட்டி இழுத்து வருவோம். மரம் விழுந்த இடத்தில் வெயில் இறங்கும். நிழலில் குன்றிக் கிடந்த மரக்கன்றுகளுக்கு அப்போதுதான் யோகம். ஆனால் அதே வெயிலுக்குப் பார்த்தீனியக் களையும் வாயைப் பிளந்துகொண்டு வரும். ரோட்டோரச் சேற்றோடு டயரில் ஒட்டி வந்து, மரம் இழுக்கும் தடமெல்லாம் பரவிவிடும். பழைய தடங்கள் அப்படித்தான் நாசமாயின.

அதனால், உள்ளே போகுமுன் டயரைக் கழுவியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். செடிகளைக் கண்காணிப்பது என் வேலை. டிராக்டர் ஓட்டுவது என் வீட்டுக்காரர் வேலை. முதல் எதிரியும் அவர்தான்.

"சேத்துல போற வண்டிக்கு எதுக்குடி குளியல்? எல்லாரும் சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும். நீங்க பிரஷ்ஷைப் புடிங்க."

மேலாளர் ஒரு மழைக்காலம் தவணை கொடுத்தார். புதுத் தடத்திலும் களை வந்தால் கழுவலும் கிடையாது, என் வேலையும் கிடையாது.

மழை ஓய்ந்ததும் அவரும் நாங்கள் இருவரும் பார்க்கப் போனோம். வெட்டிய முதல் மரத்தின் அடிக்கட்டை அருகிலேயே நான் நின்றுவிட்டேன். திட்டாகப் பார்த்தீனியம்.

"என்னம்மா, இங்கயும் வந்துடுச்சே?" என்றார் மேலாளர்.

"முழுசாப் பாத்துட்டு சொல்லுங்க சார்" என்று விறுவிறுவென நடந்தேன். தடம் நெடுகக் காட்டு மரக் கன்றுகள்! டயர் பதிந்த பள்ளத்தில்கூடச் சிவப்புத் துளிரோடு நின்றன. மருந்துக்கும் களை இல்லை. சந்தோஷத்தில் கத்தலாம் போலிருந்தது. தடம் முடியும் வெட்டவெளியில் மட்டும் மறுபடி ஒரு திட்டு.

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு எடத்துலயும் நான்தான் சாக்கை விரிச்சு உக்காந்து சாப்பிட்டேன்."

"எந்தச் சாக்கு?"

"ரோட்டோரம் வண்டி ரிப்பேர்னா கீழ விரிச்சுப் படுப்பேனே, அது."

மேலாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கழுவின டயர் போன எடம் சுத்தம். கழுவாத சாக்கு பட்ட எடம் களை. இனிமே எல்லா வண்டியும் கழுவித்தான் உள்ள போகணும். சாக்கும்தான்!"

நான் திட்ட வாயெடுப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். குனிந்து களையைப் பிடுங்கியபடியே, மார்தட்டாத குறையாகச் சொன்னார்: "நான் சாக்கையும் கழுவியிருந்தா, தடம் சுத்தமா இருக்கறது நீ டயரைக் கழுவ வச்சதாலதான்னு யாருக்குடி தெரிஞ்சிருக்கும்?"

நானும் பக்கத்தில் குனிந்து களையைப் பிடுங்கினேன். திட்டுவதற்குப் பதில் சிரிப்புதான் வந்தது.