அந்தக் கமெண்ட்டுக்குக் கீழே

அரியக்குடி ரோட்டில் இஷ்ரத் நடத்தும் ஹாலோபிளாக் யார்டில், வெயில் ஏறுவதற்கு முன்பே கற்களுக்குத் தண்ணீர் அடித்து முடித்துவிடுவார்கள். அன்றும் அந்த வேலை முடிந்து டீ வந்தது. தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து இஷ்ரத் போனைத் திறந்தாள். காரைக்குடிக்காரர்கள் பேஸ்புக்கில் வைத்திருக்கும் ஒரு குரூப்பில் யாரோ பஸ் ஸ்டாண்டைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அதில் பாதிப் பேர் வடக்கேயிருந்து வேலைக்கு வந்தவர்கள். "இது காரைக்குடியா, இல்ல வேற நாடா?" என்று மேலே ஒரு வரி.

கீழே கமெண்ட்டுகள் போய்க்கொண்டே இருந்தன. சிலர் திட்டினார்கள். சிலர், "உங்க வீட்டுக்குச் சென்ட்ரிங் போட்டது யாரு?" என்று திருப்பிக் கேட்டார்கள். இந்த மாதிரிச் சண்டைகளை அவள் டீ ஆறுவதற்குள் படித்து மறந்துவிடுவாள். அன்றைக்கு ஒரு பெயரில் விரல் நின்றது. கலீல் ரகுமான். அவள் புருஷன்.

"கொறஞ்ச கூலிக்கு வந்து நம்ம பொழப்பக் கெடுக்கிறாங்க. கொஞ்ச நாள்ல ஊரே நம்ம கையில இருக்காது. எல்லாரையும் ரயில் ஏத்தி அனுப்பணும்."

கலீல் இதை எழுதியது குவைத்திலிருந்து. கல்யாணமான அடுத்த வருஷம் போனவன். அங்கே ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, பழகிய மாதிரி ஆவதற்குள் கிளம்பிவிடுவான். யார்டை முதலில் அவன் தம்பி பார்த்துக்கொண்டான். தம்பியும் சிங்கப்பூர் போன பிறகு இஷ்ரத் கைக்கு வந்தது. கல் போடும் மிஷினை ஓட்டுவது திரிலோசன் என்ற ஒடிசாக்காரர். நாற்பது வயதிருக்கும். ஊரில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். யார்டில் எல்லாருக்கும் அவர் லோசன்.

கலீலின் கமெண்ட்டுக்குக் கீழே ஒருவர், "பாய், நீங்க இப்ப எந்த ஊர்ல இருந்து டைப் பண்றீங்க?" என்று கேட்டிருந்தார். "நாங்க விசா எடுத்து வந்திருக்கோம்" என்று கலீல் பதில் போட்டிருந்தான். இரண்டுக்குமே நிறையப் பேர் சிரித்திருந்தார்கள்.

இஷ்ரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் பேசும்போது சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் அவர்கள் பேசுவது பிள்ளையின் படிப்பு, மாமியின் சுகர், தண்ணி மோட்டார், இவ்வளவுதான். அவள் அங்கேயே எழுதினாள்.

"நம்ம யார்டு வாசல்ல ஆள் தேவைன்னு போர்டு வெச்சு வெயில்ல எழுத்தே அழிஞ்சிருச்சு. ரெண்டு பேரு வந்தாக, ஒரு வாரத்துல நின்னுட்டாக. இப்ப மிஷின் ஓடுதுன்னா வடக்கேருந்து வந்த ஆளுகளாலதான். சொந்த யார்டப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டு எழுதுங்க."

புருஷன் பொண்டாட்டி என்று குரூப்புக்குத் தெரிய நேரமாகவில்லை. மத்தியானத்துக்குள் பஸ் ஸ்டாண்டை விட்டுவிட்டு இவர்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். "வீட்டுச் சண்டைய வீட்டோட வெச்சுக்கங்க" என்றார் ஒருவர். "அக்கா சொல்றதுதான் நெசம்" என்றார் இன்னொருவர். அப்புறம் ஜெய்னுலாபுதீன் வந்தான். கலீலோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவன். பள்ளத்தூரில் வீடு கட்டுகிறான். இஷ்ரத்திடம்தான் கல் எடுக்கிறான்.

"கலீலு, நீ அங்கயே இரு. யார்டையும் வீட்டையும் லோசன் பாத்துக்குவான்."

பக்கத்தில் கண்ணில் தண்ணீர் வர சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக.

இஷ்ரத் போனைக் கவிழ்த்து வைத்தாள். வெளியே லோசன் மிஷினுக்கு ஆயில் விட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சப்பட நாம் என்ன செய்தோம் என்று பிறகு கோபம் வந்தது.

அன்று கலீல் கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் கூப்பிட்டவன், சலாம் சொன்ன கையோடு, "அந்த ஆள நிறுத்திரு" என்றான்.

"எதுக்கு?"

"நான் சொல்றேன்ல."

"மச்சான், அன்னைக்கு மகளோட சைக்கிளுக்கு லோசன் செயின் மாட்டிக் குடுத்தாருன்னு நான்தான் ஒங்ககிட்டச் சொன்னேன். நான் மறைச்சதா ஏதாவது இருக்கா?"

"ஒன்னய நான் சந்தேகப்படல இஷ்ரத்."

"அப்புறம் எதுக்கு நிறுத்தச் சொல்றீக? அவன் எழுதுனதுக்காக லோசன நிறுத்துனா, எழுதுனது நெசம்னு ஆயிரும். அத நான் செய்ய மாட்டேன்."

"ஊரு பேசுது."

"ஊரு பேசறதுக்கு மொதல்ல எடுத்துக் குடுத்தது நீங்கதான்."

கலீல் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் ஜெய்னுலாபுதீனுக்கு ஒரு லோடு போக வேண்டியிருந்தது. வண்டியில் பாதி ஏற்றிய கல்லை இஷ்ரத் இறக்கச் சொன்னாள். போன் போட்டு, "அண்ணே, ஒங்களுக்கு இனிமே இங்கருந்து கல்லு வராது" என்றாள். அரை மணி நேரத்தில் அவனே பைக்கில் வந்து இறங்கினான்.

"என்ன தங்கச்சி, கொத்தனாரு காத்துக்கிட்டு இருக்காரு. வெளையாட்டுக்குப் போட்டதப் போயி…"

"வெளையாட்டுத்தானே அண்ணே. இந்தா லோசன் நிக்கிறாரு, நாகவல்லி அக்கா நிக்கிது. அதே வெளையாட்ட வாயத் தொறந்து இங்க ஒரு தடவ சொல்லுங்க. கல்லு தாரேன்."

ஜெய்னுலாபுதீன் சுற்றிப் பார்த்தான். கல் அடுக்கிக்கொண்டிருந்த நாகவல்லி கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். லோசனுக்கு விஷயம் தெரியாது. வாடிக்கையாளர் என்பதால் வணக்கம் வைத்தார். அவன் அந்த வணக்கத்தையும் வாங்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டான். சாயந்தரம் பார்த்தபோது அந்தக் கமெண்ட் இல்லை. அதைப் படம் பிடித்து வைத்திருந்த வேறு யாரோ, அதைத் திரும்பப் போட்டிருந்தார்கள்.

ஜெய்னுலாபுதீன் வந்து போனதும் லோசன் நாகவல்லியிடம் விசாரித்திருக்கிறார். அவளும் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் கொட்டகை வாசலிலேயே நின்றார்.

"அக்கா, தேவகோட்டையில ஒரு சைட். எங்க ஊரு ஆளுங்க இருக்காங்க. நான் அங்க போறேன்."

"சம்பளம் கூடத் தாராகளா?"

"இல்ல அக்கா."

"ஒங்க மேல தப்பு இல்ல. நீங்க எதுக்குப் போகணும்?"

அவர் துண்டை மடித்துக்கொண்டே, தெரிந்த தமிழில் சொன்னார். "அங்க எங்க ஊர்லயும் ஒருத்தன் என் சம்சாரத்துகிட்ட இப்படித்தான் சொன்னான். தமிழ்நாட்டுல ஒன் புருசனுக்கு ஆள் இருக்குன்னு. அவ நம்பல. ஆனா அழுதா. இங்க இருந்தா நீங்களும் அழுவீங்க."

அதற்கு மேல் அவரை நிற்கச் சொல்ல இஷ்ரத்துக்கு மனம் வரவில்லை. அவர் போனார். மிஷின் நின்றது. தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு, இருந்த கல்லை மட்டும் விற்றார்கள்.

அவளே கலீலைக் கூப்பிட்டாள். "லோசன் போயிட்டாரு. நான் நிறுத்தல, அவராப் போயிட்டாரு. திருப்தியா இருக்கீகளா?"

கலீல் வேறொன்று சொன்னான்.

"எனக்கும் இங்க முடிஞ்சிருச்சு புள்ள."

ஸ்டோர் வேலைக்கு இனி அந்த நாட்டுக்காரர்களைத்தான் எடுப்பார்களாம். அவன் இடத்துக்கு ஒரு பையன் வந்துவிட்டான். அந்தப் பையனுக்கு வேலையைச் சொல்லிக்கொடுப்பதே கலீலுக்கு இப்போது வேலை. விசா முடியும்வரை இருக்கலாம். இது நடந்து மாசக்கணக்காகிறது. வீட்டில் சொல்லவில்லை.

"இங்கயும் நியூஸ் பேப்பரோட பேஸ்புக் பக்கத்துல இதே சண்டைதான். கீழ கமெண்ட்டுல எங்களப் பத்தி எழுதுவாங்க. வந்தவங்களையெல்லாம் பிளேன்ல ஏத்துன்னு. போன்லயே தமிழ்ல மாத்திப் படிப்பேன். படிக்கக் கூடாதுன்னு நெனப்பேன், ரூமுக்கு வந்ததும் அதைத்தான் தொறப்பேன். அன்னைக்கு அதப் படிச்சிட்டு நம்மூரு குரூப்புக்கு வந்தேன். அந்தப் படம் இருந்துச்சு. நானும் யாரையாவது போகச் சொல்லணும் போல இருந்துச்சு. சொல்லிட்டேன்."

இஷ்ரத், "என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டாள்.

"நான் இல்லாமயே அங்க எல்லாம் நடக்குது. மோட்டார் ஓடுது, சைக்கிள் ஓடுது. வேலையும் போயி அங்க வந்து நின்னா நான் யாருன்னு பயந்துட்டேன்."

அவள் ஆறுதல் சொல்லவில்லை. பொய்யாகச் சொல்ல வரவில்லை. "லோசன் நம்பர் அனுப்புறேன். பேசுங்க" என்று மட்டும் சொன்னாள்.

கலீலுக்கு இந்தி நன்றாகத் தெரியும். பீகார், உத்தரப்பிரதேசத்து ஆட்களோடு ஒரே அறையில் இத்தனை வருஷம் கிடந்து கற்றது. மறுநாள் லோசன் தேவகோட்டையிலிருந்து இஷ்ரத்தைக் கூப்பிட்டார்.

"அக்கா, பாய் பேசினாரு. ரொம்ப நேரம். மன்னிப்புக் கேட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"அது எங்களுக்குள்ள அக்கா" என்றார் லோசன். அவர் குரலில் சிரிப்பு இருந்தது. திரும்பி வருவாரா என்று கேட்டதற்கு, இந்த சைட்டில் வாக்குக் கொடுத்துவிட்டேன், தெரிந்தவர்கள் இருந்தால் சொல்கிறேன் என்றார். அவர் வரவேயில்லை.

கலீல் அந்தக் கமெண்ட்டை அழிக்கவில்லை. அதற்குக் கீழே, "நான் எழுதினது தப்பு. என் மனைவி எழுதினதுதான் சரி" என்று போட்டான். அதற்கும் வந்தார்கள். பொண்டாட்டிக்குப் பயந்தவன் என்றார்கள், பெரிய மனசு என்றார்கள். அவன் யாருக்கும் பதில் எழுதவில்லை.

விசா முடிந்து, மழைக்காலத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தான். முதல் வாரம் தானே மிஷின் ஓட்டுவேன் என்று இறங்கி, நாலாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "பாய், எங்குட்டு வலிக்குது?" என்று கேட்டு நாகவல்லி சிரித்தாள். சிமெண்ட் கலவையை மாற்ற வேண்டும் என்று இஷ்ரத்தோடு வாதாடினான். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. யார்டில் அவன் பேச்சு எவ்வளவு தூரம் செல்லும் என்று இரண்டு பேருமே தடவித் தடவித்தான் தெரிந்துகொண்டார்கள். ஒரு நாள் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தான். அவள் எழுப்பவில்லை. பசித்ததும் தானே எழுந்து வந்தான்.

லோசன் சொல்லி அனுப்பிய இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வந்தது கலீல்தான். வழியில் மூவருமாக டீ குடிக்க நின்றபோது, தெரிந்தவர் ஒருவர், "என்னப்பா, ரயில் ஏத்தி அனுப்பச் சொன்ன, நீயே போயி எறக்கிக்கிட்டு வாரே?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அதைச் சொன்னான்.

"நீங்க என்ன சொன்னீக?"

"என்ன சொல்றது? ஆமான்னேன்."

இஷ்ரத் சிரித்துவிட்டாள். அவனும் கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தான்.

சாப்பிட்டு முடித்ததும் கலீல் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். குவைத் அறையில் அவரவர் தட்டை அவரவர்தான் கழுவ வேண்டும். அந்தப் பழக்கம் இங்கேயும் போகவில்லை. வந்த நாளில் அதைப் பார்த்து, விருந்தாளி மாதிரி நடந்துகொள்கிறானே என்று அவளுக்கு வருத்தமாக இருந்தது. இன்று அவள் உட்கார்ந்தபடியே தன் தட்டையும் அவனிடம் நீட்டினாள்.