தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால்

டெலஸ்கோப் பெட்டிக்குள் போடுவதற்குக் கம்பெனியின் வரலாறு ஒரு பக்கம் வேண்டும் என்று மொத்த வியாபாரிகள் நச்சரிக்கிறார்கள். 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று ஆரம்பிக்க வேண்டுமாம். அப்படி ஆரம்பித்தால் அக்காவே கிழித்துப் போட்டுவிடுவாள். நடந்ததை எழுதித் தருகிறேன். பெட்டிக்குள் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

கம்பெனி என்றால் அக்கா, நான், இன்னும் பதினாலு பேர். முதலில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தோம். அந்தத் தொழில் படுத்துவிட்டதால் டெலஸ்கோப்புக்கு வந்தோம். மற்றபடி நட்சத்திரங்களுக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

பாகங்களைச் சேர்த்து டெலஸ்கோப்பைப் பூட்டுவதற்கு அக்கா ஒரு முறை கண்டுபிடித்தாள். எங்கள் மூன்றாவது மாடி ஜன்னலுக்கு நேர் எதிரே, நூறு மீட்டர் தள்ளி ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் 'குடிப்பதற்கு அல்ல' என்று எழுதியிருக்கும். கண் வைக்கிற முனையை முன்னும் பின்னும் நகர்த்தும் குமிழை உள்பக்கமாக முழுசாகத் திருகிவிட வேண்டும். அந்த எழுத்து பளிச்சென்று தெரிகிற இடம்வரை குழாயை நகர்த்தி, ஆணியை முடுக்கிவிட வேண்டும். ஒன்றுக்கு நாலே நிமிடம். பிறகு அக்கா ஒரு தடவை பார்ப்பாள், 'பரிசோதிக்கப்பட்டது' என்று நீல முத்திரை குத்துவாள்.

"என் கண்ணைத் தாண்டி ஒண்ணு வெளிய போகாதுடா" என்பாள். உண்மைதான். பன்னிரண்டு வருஷத்தில் ஒன்பதாயிரம் டெலஸ்கோப், ஒன்றைக்கூட அவள் பார்க்காமல் விட்டதில்லை.

நிலா மங்கலாகத் தெரிகிறது என்று மாதத்துக்கு ஒன்றிரண்டு புகார் வரும். திரும்பி வந்த டெலஸ்கோப்பை அக்கா தொட்டியை நோக்கித் திருப்புவாள். எழுத்து கண்ணில் குத்தும். "நம்ம மேல தப்பு இல்ல. இவங்க கண்ணுலதான் கோளாறு" என்பாள். இதற்கென்றே நான் ஒரு கடிதம் தயாரித்தேன்: 'தங்கள் கருவியில் குறை ஏதுமில்லை. தயவுசெய்து தங்கள் கண்களைப் பரிசோதித்துக்கொள்ளவும்.' அந்தத் 'தயவுசெய்து'வில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. நூறு பிரதி அடித்து வைத்தேன். கீழே அக்கா கையெழுத்துப் போடுவாள்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஒரு டீச்சர், பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. கோபம் அதைவிட அதிகமாக வாங்கியது.

"உங்கள்ல யாராவது இதுல நிலாவைப் பாத்திருக்கீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பேக்கிங்காரரைப் பார்த்தேன். அவர் தொட்டியைப் பார்த்தார். ஐந்து மணிக்குக் கடையைக் கட்டிவிடுவோம். அதற்குமேல் டெலஸ்கோப்பின் முகத்தில் விழிக்க யாருக்கும் தெம்பு இருந்ததில்லை.

டீச்சர் எங்களை மொட்டை மாடிக்கு ஓட்டிக்கொண்டு போனார். மேற்கே பகல் நிலா வெளுத்துப்போய் நின்றது. அக்கா பார்த்தாள். குமிழை உள்ளே திருகினாள். அது அசையவில்லை.

"முட்டுதே."

"முட்டத்தான் செய்யும். தூரம் கூடக்கூட அது இன்னும் உள்ள போகணும். நீங்க தொட்டியோட நிறுத்திட்டீங்க" என்றார் டீச்சர்.

அக்கா ரம்பம் கொண்டுவரச் சொன்னாள். குழாயில் அஞ்சு மில்லிமீட்டர் அறுத்தாள். பிசிறைத் தேய்த்துவிட்டு மறுபடி பார்த்தாள். வெகு நேரம் தலையை எடுக்கவில்லை.

"இத்தனை குழியாடா இதுல?" என்றாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அந்த நூறு கடிதங்கள் ஞாபகம் வந்தன. அதில் முப்பதுதான் மிச்சம் இருந்தது. வெட்கமாக இருந்தது.

விலாசம் தெரிந்த அத்தனை பேருக்கும் எழுதி, இலவசமாகச் சரிசெய்து தரலாம் என்றாள் அக்கா.

"மானம் போயிடும்க்கா."

"போனது அது மட்டும்னா பரவால்ல."

நாலாயிரம் கடிதம் போட்டோம். வந்தவர்கள் முப்பத்தொரு பேர். மற்றவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. பஸ் வருகிறதா என்று பார்க்கிறார்கள், எதிர் மாடியைப் பார்க்கிறார்கள். ஒருத்தர், நன்றாக இருப்பதைத் தொட்டுக் கெடுக்க வேண்டாம் என்று பதிலே போட்டுவிட்டார். வானத்தைப் பார்க்காதது நாங்கள் மட்டும் இல்லை என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

முப்பத்தொன்றாவது ஆளாக வந்தவர் ஒரு பஸ் டிரைவர். பெட்டி புதுசு போலவே இருந்தது. அதற்குள், கண்களைப் பரிசோதிக்கச் சொன்ன என் பழைய கடிதமும் நாலாக மடித்தபடி இருந்தது.

சாயங்காலம் நாலு மணி. நிலா கிழக்கே ஏறியிருந்தது. குழாயை அறுத்து, அவரை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனோம். குனிந்து பார்த்தார்.

"நல்லாத் தெரியுது" என்றார். அப்புறம் நிமிர்ந்தார். "அப்போ என் கண்ணுல ஒண்ணும் இல்லையாம்மா?"

"இல்லண்ணே. தப்பு எங்களோடது."

"கண் டாக்டரும் ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாரு. நான்தான் நம்பல. கம்பெனியே எழுதியிருக்கும்போது, டாக்டருக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்."

கடிதம் கிடைத்த வாரமே டிப்போவில் சொல்லி ஸ்டியரிங்கை விட்டுவிட்டாராம். ஆறு வருஷமாக டயர் ரூமில் வேலை. "பின்னால நாப்பது பேரு நம்மள நம்பித் தூங்குறாங்க. கண்ணு சந்தேகம்னா ஓட்டலாமா, சொல்லுங்க" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் எங்களிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்கண்ணே" என்றாள் அக்கா. அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்குமுன் கேட்டதில்லை. "நான் வேணா டிப்போவுக்கு வந்து பேசுறேன். திரும்ப பஸ் குடுப்பாங்கல்ல?"

"எதுக்கும்மா. வர்ற முப்பதாம் தேதி எனக்கு ரிட்டயர்மென்ட்" என்றார் அவர். மறுபடி குனிந்து நிலாவைப் பார்த்தார்.